எல்க் வேட்டைக்கு எந்தச் சன்னம்: ஈயமா, ஒட்டிய ஈயமா, செம்பா?

நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயிலிருந்து வந்து நிற்கிற பிள்ளைகளில் வேட்டைச் சோதனை பாஸ் பண்ணியவர்களும் இப்போது இருக்கிறார்கள். தேர், தீர்த்தம் முடிந்து திரும்பிப் போனால் நோர்வேயின் பெரும்பாலான இடங்களில் செப்ரெம்பர் 25 இல் எல்க் காலம் தொடங்கிவிடும். இடையில் உள்ள சில கிழமைக்குள் துவக்குக்கு ரவை தெரிந்தெடுக்க வேண்டும், 30 பயிற்சி வெடி வைக்க வேண்டும், பிறகு 100 மீற்றரில் ஐந்து வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அதனால்தான் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி "மாமா, எந்த ரவை நல்லது?" என்ற கேள்வி வருகிறது. மாமாவுக்குத் தெரிந்தது குழல் வாயால் மருந்து இடித்து நிரப்புகிற இடியன் துவக்கும் ஈயக் குண்டும். அந்த அறிவு இங்கே அரைவாசிக்குத்தான் உதவும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். கடையில் பெட்டியாக வாங்குவது ரவை. பித்தளைக் கோது, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி தருகிற கேப், உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். விலங்கைத் தொடுவது சன்னம் மட்டும்தான். 308, 30-06, 6.5×55 என்று துவக்கின் அளவைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுவார்கள். அந்த மூன்றில் எதுவானாலும் எல்க் விழும். குறி பிழைத்த வெடிகளை விட்டுப் பார்த்தால், காயத்தோடு ஓடி மறைகிற விலங்குகளுக்குப் பெரிய காரணம் சன்னத்தின் கட்டமைப்பும் அது போய்ப் படுகிற வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. நோர்வேயில் எல்க் என்கிறார்களே, அதுதான் கனடாவில் மூஸ். கனடாக்காரர் எல்க் என்றால் அது வேறொரு பெரிய மான். அண்ணன் ஒஸ்லோவிலும் தம்பி ரொறன்ரோவிலும் இருந்து வாட்ஸ்அப்பில் ஆலோசனை கேட்கும்போது இதைத் தெளிவாக்காவிட்டால் ஆளுக்கொரு மிருகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரையில் எல்க் என்பது நோர்வே எல்க். வளர்ந்த கடா 400, 500 கிலோ வரும். வன்னிக் காட்டின் பெரிய மரையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இலங்கையில் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே கீழே சொல்வது எதுவும் இங்கே செய்து பார்ப்பதற்கல்ல.

சன்னத்துக்கு என்ன வேலை

தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். போனதும் நுனி விரிய வேண்டும். விரிந்தபடி இரண்டு சுவாசப்பையையும் கடந்து, முடிந்தால் மறுபக்கத் தோலையும் கிழித்து வெளியேற வேண்டும். விரிதலும் ஆழமும் ஒன்றையொன்று இழுத்துப்பிடிக்கும் இரண்டு கயிறுகள். கூட விரிந்தால் சீக்கிரம் நின்றுவிடும். விரியாவிட்டால் ஊசி குத்தினதுபோல் ஒரு துளை போட்டுவிட்டுக் கடந்து போய்விடும். எல்க் அந்தக் காயத்தோடு கிலோமீற்றர் கணக்கில் நடக்கும். சன்னம் தெரிவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப்போகிறோம் என்று முடிவெடுப்பதுதான்.

நுனிவரை உறை மூடிய முழு உறைச் சன்னத்தை ஒரு வரியில் தள்ளிவிடலாம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் கண்ட கூர்ச் சன்னங்கள் அந்த வகைதான். விரியாது; நோர்வேயில் பெருவிலங்குக்கு அதைப் பாவிக்கவும் கூடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்த விரியும் சன்னத்தின் பெயரே அந்த வகை முழுவதுக்கும் ஒட்டிக்கொண்டது. 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விரியும் சன்னத்தைப் போரில் விலக்கியது. போரில் விலக்கியதையே வேட்டைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. வேட்டையில் சட்டம் கேட்பது மிருகம் விரைவாகச் சாக வேண்டும் என்பதை.

சாதாரண ஈயச் சன்னம்

செம்புக் கலவை உறை, உள்ளே ஈயம், நுனியில் ஈயம் வெளியே தெரியும். உறையும் ஈயமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. காய்ந்து சிரட்டையை விட்டுவிட்ட கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள்: குலுக்கினால் உள்ளே ஆடும், உடைத்தால் இரண்டும் தனித்தனியாக வரும். சன்னத்தில் ஆட்டம் இராது, ஆனால் எலும்பில் அடித்தால் பிரிகிற விதம் அதேதான். ரெமிங்டன் கோர்-லொக்ட், ஹோர்னடி இன்ரர்லொக் போன்றவை உறையின் உட்பக்கத்தில் ஒரு வளையமோ தடிப்போ வைத்து ஈயத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கின்றன. ஓரளவுக்கு நிற்கும்.

இதன் பலம் குறைந்த வேகத்திலும் விரிவது. செக்கனுக்கு 500, 550 மீற்றர் வேகத்துக்குக் குறைந்தாலும் பெரும்பாலும் திறக்கும். விலை மலிவு. 308 இல் 180 கிரெயின் (11.7 கிராம்) எடையுள்ள சன்னம், நூறு மீற்றரில், எல்க் பக்கவாட்டாக நின்று, முன்காலுக்குச் சற்றுப் பின்னால் விலாவுக்குள் போனால் இதைவிட வேறொன்றும் தேவையில்லை.

பலவீனம் கிட்டத்தில் வரும். 300 மக்னம் போன்ற வேகத் துவக்கால் 40 மீற்றரில் தோள் எலும்பில் அடித்தால், செக்கனுக்கு 850 மீற்றருக்கு மேல் போய்ப் படுகிற மென் சன்னம் எலும்பிலேயே சிதறும். தோள் இறைச்சி இரத்தக் கட்டியாகிக் கிலோக்கணக்கில் வீணாகும். சுவாசப்பைக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது. வெடிக்குப் பிறகு தேடி எடுத்த சன்னத்தைத் தராசில் வைத்தால் பாதியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் மிஞ்சியிருக்கும். மற்றதெல்லாம் இறைச்சிக்குள்.

ஒட்டிய ஈயம், தடுப்புச் சன்னம்

சிரட்டையை விடாத பச்சைத் தேங்காய் இது. ஈயத்தை உறையோடு பிரியாதபடி ஒட்டியிருப்பார்கள். நோர்மா ஓரிக்ஸ், பெடரல் பியூஷன் இந்த வகை. விரியும், ஆனால் பிரியாது. எடையில் 80, 90 வீதம் மிஞ்சும். மறுபக்கத் தோலின் உட்புறத்தில் மாட்டி நிற்பதைத் தோண்டி எடுத்தால், காளான் குடைபோல் பின்னால் மடிந்த செம்பு விளிம்பும் அதன் நடுவில் சாம்பல் நிற ஈயமும் ஒரே கட்டியாக இருக்கும். விரல் நகத்தால் பிரிக்கப் பார்த்தாலும் வராது.

தடுப்புச் சன்னம் வேறொரு யோசனை. ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1946 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனபோது, அவரிடமிருந்த வேகமான சன்னம் சேறு அப்பிய கடாவின் தோளைத் தாண்டவில்லை. பிறகு அவர் செய்ததுதான் பார்ட்டிசன். 1948 இலிருந்து விற்பனையில் இருக்கிறது. நீளவாட்டில் அறுத்துப் பார்த்தால் உறையின் நடுவில் குறுக்கே ஒரு செம்புச் சுவர் ஓடுவது தெரியும். சுவருக்கு முன்னால் ஒரு ஈய அறை, பின்னால் ஒன்று. முன்னறை விரிந்து உடைந்து தன் வேலையை முடிக்கும். பின்னறை அசையாமல் கட்டையாக உள்ளே போகும். எடை மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும், ஆனால் அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். முன்பாதி மென்மையானதால் தூரத்திலும் திறக்கும்.

தூரமும் கோணமும் முன்கூட்டித் தெரியாத காட்டில் இந்த இரண்டும்தான் பிழை பொறுக்கும். தோள் எலும்பையும் தாங்கும், விலாவையும் தாங்கும். குறை என்னவென்றால் இவையும் ஈயம்தான்.

செம்பு

பார்ன்ஸ், லாப்புவா நச்சுராலிஸ் போன்றவை ஈயமே இல்லாதவை. முழுச் செம்பு, நுனியில் குழி, படும்போது குழி திறந்து நான்கு இதழாகப் பூப்போல் மலரும் அல்லது காளானாக மடியும். எடையில் 95 வீதத்துக்கு மேல் மிஞ்சும். அதனால் ஈயத்தில் 180 கிரெயின் எடுக்கிற இடத்தில் செம்பில் 150, 165 எடுத்தாலும் ஆழம் குறையாது. இரத்தக் கட்டியும் பெரும்பாலும் குறைவு.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது வேகம். செம்பு திறக்கச் செக்கனுக்கு 550 முதல் 600 மீற்றர் வேண்டும். தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தமது சன்னத்துக்குரிய ஆகக் குறைந்த வேகத்தைச் சொல்வார்கள். பெட்டியின் பக்கத்தில் 100, 200, 300 மீற்றரில் எவ்வளவு வேகம் என்று அச்சிட்டிருக்கும்; அந்த அட்டவணையில் குறைந்த வேகத்தைத் தொடுகிற தூரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்கு அப்பால் வெடி வைப்பதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது செம்புக்குப் பொருந்தும். ஈயத்தில் இதே வேலையைச் செய்தால் சிதறும். ஈயத்தில் பழகியவர்கள் "கனமானதே நல்லது" என்று செம்பிலும் ஆகக் கனமானதை வாங்குவது அடிக்கடி நடக்கிற பிழை.

இரண்டாவது புரி, அதாவது சன்னத்தைச் சுழற்றிவிடக் குழலின் உட்பக்கத்தில் சுருளாக வெட்டியிருக்கும் வரி. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. ஒரே எடையில் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமான சன்னத்தை நேராகப் பறக்கவிடக் குழலின் புரி கூடுதலாகச் சுழற்ற வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய 308 குழலில் 180 கிரெயின் செம்பு தள்ளாடக்கூடும். 150 நன்றாகப் போகும். 10 அங்குலப் புரியென்றால் கவலையில்லை. 6.5×55 பெரும்பாலும் 8 அங்குலப் புரி, நீளச் சன்னத்துக்கென்றே செய்தது. கடதாசிக் குறியில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம்போல் நீண்டிருந்தால் சன்னம் புரளுகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, சன்னம் முழுசாக வெளியேறுகிறது. மறுபக்கத்துத் துளையால் இரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கும். அதே சன்னம் பின்னால் நிற்கிற கன்றிலோ, நாயிலோ, வரிசையில் நிற்கிற ஆளிலோ படவும் கூடும். எல்க்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் வெடியே வேண்டாம். ஈயத்துக்கும் இதே விதிதான்; செம்பில் தவறினால் விலை கூட.

கறிச்சட்டிக்கு வரும் ஈயம்

இதை நம்மவர்கள் தனியாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் சமைக்கிற முறை வேறு. ஈயச் சன்னத்தின் தூள்கள் காயத்தடத்திலிருந்து பத்து, இருபது சென்ரிமீற்றருக்கு அப்பாலும் சிதறிக் கிடப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் தட்டாது. எல்க் குழுவில் இறைச்சியைப் பங்கு போடுவது ஊரில் பங்கு இறைச்சி போடுவதைப் போலத்தான். தோள் பக்கத்துப் பங்கு யாருக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அரைத்துவிட்டால் ஒரு துண்டின் ஈயம் முழு அரைப்புக்கும் பரவும். அதன் மேல் பழப்புளி, தேசிக்காய், வினாகிரி ஊற்றிப் பிரட்டல் வைத்தால் புளிப்பு ஈயத்தைக் கரைத்து உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவைக் கூட்டும். சிறுபிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் உள்ள வீட்டுக்கு அந்த இறைச்சி வேண்டாம்.

ஈயம்தான் பாவிக்கிறீர்கள் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தப் பக்கத்து இறைச்சியை அரைக்கக் கொடுக்காதீர்கள். வெட்டி எறிந்ததைக் காட்டில் விட்டால் கழுகு தின்னும். கலிபோர்னியாவில் கொண்டோர்க் கழுகுகள் இப்படித்தான் ஈய நஞ்சால் செத்தன, 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது.

எடை என்கிற சட்டம்

சன்னத்தின் எடையைக் கிரெயினில் எழுதுவார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு பவுண் 8 கிராம். 180 கிரெயின் சன்னம் 11.7 கிராம், ஒன்றரைப் பவுணுக்குச் சற்றுக் குறைவு.

நோர்வேயில் பெருவிலங்குக்கு நெடுநாளாக இருந்துவருகிற அளவு இது: சன்னம் 9 முதல் 10 கிராம் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் சக்தி வேண்டும், 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 யூல் போதும். 6.5×55 வைத்திருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 140 கிரெயின் சன்னம் 9.1 கிராம், சாதாரண ரவையில் 2700 ஐத் தொடாது. 156 கிரெயின் 10.1 கிராம், வேகம் குறைவு, ஆனால் 100 மீற்றரில் சுமார் 690 மீற்றர் வேகமென்றால் 2400 யூல், தாண்டிவிடும். நோர்வேயில் 6.5 க்கு 156 இவ்வளவு ஓடுவதற்கு இந்த 0.1 கிராமும் ஒரு காரணம். அதே துவக்குக்கு 120, 130 கிரெயின் செம்பு எடுத்தால் 7.8, 8.4 கிராம்தான், 9 இன் வாசலுக்கே வராது. விலங்கைக் கொல்லப் போதுமானதா என்பது வேறு கேள்வி. இந்த அளவுப்படி அது எல்க் ரவை அல்ல. ரவை வாங்க முன் அந்த வருட விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 308 காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. 150 கிரெயின் செம்பு, 9.7 கிராம், 100 மீற்றரில் செக்கனுக்கு 780 மீற்றர் என்றால் 2900 யூலுக்கு மேல்.

எதை எடுப்பது

308 அல்லது 30-06, அடர்ந்த காடு, 150 மீற்றருக்குள் வெடி, வீட்டில் பிள்ளைகள்: செம்பு, 150 முதல் 165 கிரெயின். எங்கள் பார்வையில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் தெரிவு இதுதான். இரத்தத் தடமும் கிடைக்கும், கறியும் சுத்தம்.

6.5×55 என்றால் ஒட்டிய ஈயம், 156 கிரெயின். செம்பில் சட்டமும் துவக்கும் ஒத்துவராத இடத்தில் இது நேர்மையான விடை. தோள் எலும்பைத் தேடிச் சுடாமல் விலாவுக்குள் வையுங்கள்.

மக்னம் வைத்திருப்பவர் சாதாரண ஈயத்தைத் தொடவே வேண்டாம். செம்பு அல்லது தடுப்புச் சன்னம்.

300 மீற்றரில் சுட வேண்டிவரும் என்று நினைப்பவருக்குச் சன்னம் அல்ல, இன்னும் நூறு மீற்றர் கிட்டப் போகிற பொறுமைதான் வேண்டும்.

சாதாரண ஈயம் யாருக்கு? விலாவுக்குள் மட்டும், பக்கவாட்டில் மட்டும், மக்னம் அல்லாத துவக்கால் சுடுகிறவருக்கு. பயிற்சி வெடிக்கும் அதுவே மலிவு. ஆனால் பயிற்சி ரவையில் சரிபார்த்த குறியோடு வேட்டை ரவையைக் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரே எடை, ஒரே பெயர் என்றாலும் வேறு சன்னம் வேறு இடத்தில் அடிக்கும். 100 மீற்றரில் சில சென்ரிமீற்றர் விலகினாலும் ஆச்சரியமில்லை.

துவக்கோடு பேசிப் பார்ப்பது

பொருந்துகிற இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி, இருபது ரவை. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறுவதென்றால் முதலில் குழலைச் செம்புப் படிவைக் கரைக்கும் திரவத்தால் வெறும் உருக்குத் தெரியும்வரை கழுவ வேண்டும். சீலைத் துண்டு நீலமாக வருவது நின்றால் போதும். பழைய படிவின் மேல் செம்பைச் சுட்டு "இந்த ரவை என் துவக்குக்கு ஒத்துவரவில்லை" என்று குறை சொல்கிறவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள். கழுவிய குழலில் முதல் இரண்டு மூன்று வெடியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிறகு மேசையில் சாய்த்து மும்மூன்று வெடி, குழல் ஆறவிட்டு மறுபடி மூன்று. இரண்டு தடவையும் 5 சென்ரிமீற்றருக்குள் விழுகிற ரவை எல்க்குக்குத் தாராளம். அதை எடுத்துத் துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடியை 100 மீற்றரில் 4 சென்ரிமீற்றர் மேலே அடிக்கும்படி திருகினால், 308 இல் 200 மீற்றர்வரை நடுவைப் பிடித்தே சுடலாம். அதே தொகுதி இலக்கமுள்ள இன்னும் இரண்டு பெட்டியை அன்றைக்கே வாங்கி வையுங்கள். ஒக்ரோபரில் கடையில் அந்த ரவை இருக்காது.

எந்தச் சன்னமும் விழுத்தாத நாள் வரும். எல்க் வெடி பட்டும் அசையாமல் நிற்கும், ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போகும். ஓடிப்போய்க் கலைக்காமல் இரண்டாவது வெடியை உடனே வையுங்கள். அதற்கும் போனால் பட்ட இடத்தை அடையாளம் வைத்துவிட்டுக் காத்திருந்து, தேடும் நாயைக் கூப்பிடுங்கள். எல்க் வேட்டைக்கு அங்கீகரித்த தேடுநாய் கைக்கெட்ட இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கிடைத்த விலங்கில் சன்னம் தங்கியிருந்தால் எடுத்துக் கழுவி, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, தூரத்தையும் எங்கே பட்டது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் எந்தக் கடைக்காரர் சொல்வதைவிடவும் அந்தத் தாள் கூடச் சொல்லும்.

ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. வேட்டைக்குக் கொண்டு போன முதுகுப்பையிலேயே உடுப்பை அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பையின் பக்கப் பைகளை எல்லாம் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ ஒரு வெற்றுக் கோது உருண்டு விழுந்தால்கூட, எல்க் என்றால் என்னவென்று அங்கே விளங்கப்படுத்திக்கொண்டிருக்க நேரிடும்.